குரல் ஏறும் இடம்

எங்கள் குடியிருப்பில் என் மகளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மைக் என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. ஆனாலும் புத்தகத்தைப் பிரித்து ஒரு பத்தி வாசித்தாள் என்றால் மாடியில் துணி உலர்த்துகிறவர்கள்கூட எட்டிப் பார்ப்பார்கள். திக்கல் கிடையாது, திணறல் கிடையாது, தண்ணீர் பட்டபாடு. பள்ளியில் யார் வந்தாலும் போனாலும் வரவேற்புரை வாசிப்பது அவள்தான்.

எல்லாம் அவள் அப்பா வழியாக வந்தது. என் வீட்டுக்காரர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவர் ஆரம்பித்தால், இடத்துக்குச் சண்டை போடுகிறவர்கள்கூடச் சண்டையை ஒத்திவைத்துவிட்டுக் கேட்பார்கள். அவர் தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. நிறுத்தக் கூடாது. தப்பாக வாசித்துவிட்டாலும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால்தான் தப்பு வெளியே தெரியும் என்பார். மகள் எழுத்துக் கூட்ட ஆரம்பித்த நாளிலிருந்தே அவளுக்கும் அதையே ஊட்டியிருந்தார்.

"தெரியாத வார்த்தை வருதா? பயப்படவே கூடாது. அங்க மட்டும் குரலைக் கொஞ்சம் ஏத்திடு. ஒருத்தரும் கண்டுபிடிக்க மாட்டாங்க."

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பயிற்சி வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பேன். என் காலடியில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக் இருக்கும். என்னிடம் கற்றவர்களில் பாதிப் பேர் எனக்குப் பயந்தே ஒழுங்காக ஓட்டுகிறார்கள் என்று எங்கள் முதலாளி கேலி செய்வார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், இல்லை என்று சொல்லவில்லை. உயிர் போகிற வேலையில் கொஞ்சிக்கொண்டிருக்க முடியுமா?

வகுப்பு டீச்சர் வரச் சொல்லியிருக்கிறார் என்றதும் ஏதோ பரிசுதான் என்று நினைத்து, நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன். பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் என்னை உட்காரவைத்துவிட்டு அவர் சொன்னார்: "உங்க பொண்ணுக்கு நல்லா வாசிக்க வருது. ஆனா வாசிச்சது புரியலை."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அவ வாசிச்சுக் கேட்டிருக்கீங்களா மிஸ் நீங்க?"

"தினம் கேக்கறேன். அந்தக் குரல்ல மயங்கித்தான் எனக்கே இத்தனை நாள் தெரியாமப் போச்சு."

மகளைக் கூப்பிட்டு ஒரு சின்னப் பத்தியைக் கையில் கொடுத்தார். ஒரு நாய், மழைநாளில், கடைக்காரர் வீட்டுத் திண்ணையில் குட்டி போட்ட கதை. மகள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கணீரென்று வாசித்து முடித்தாள். எப்படி என்பது போல நான் டீச்சரைப் பார்த்தேன்.

"நாய் எங்க குட்டி போட்டுச்சு?" என்று டீச்சர் கேட்டார்.

"எந்த நாய் மிஸ்?" என்றாள் என் மகள்.

"இப்ப வாசிச்சியேம்மா, அந்த நாய்."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். குனிந்து மேசைக்கு அடியிலும் பார்த்தாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அப்ப வீட்டுப்பாடத்துல எல்லாம் சரி போட்டு அனுப்பறீங்களே?" என்றேன். விட மனமில்லை.

"அது அவ கெட்டிக்காரத்தனம். கேள்வியில இருக்கற வார்த்தை பத்தியில எங்க வருதுன்னு தேடுவா. அந்த வரியை அப்படியே எடுத்து எழுதிடுவா. வாயால கேட்டா மாட்டிக்கறா." கொஞ்சம் தயங்கிவிட்டுத் தொடர்ந்தார். "வருஷக் கடைசியில பெரிய மிஸ் தன்னோட ரூமுக்குக் கூப்பிட்டு, பார்க்காத பத்தி ஒண்ணை வாசிக்கச் சொல்லிக் கேள்வி கேப்பாங்க. புரிஞ்சு பதில் சொன்னா மூணாம் வகுப்பு. இல்லேன்னா இன்னொரு வருஷம் இங்கயேதான்."

பெரிய மிஸ் என்றால் தலைமையாசிரியை. அவர் பேச்சுக்கு அப்பீல் கிடையாது.

வீடு திரும்பும்போது, எங்கள் தெரு முனைக்கு வந்ததும் மகள் கேட்டாள். "அப்ப மத்தவங்கள்லாம் மூணாவதுக்குப் போயிடுவாங்களாம்மா? நான் மட்டும் சின்னப் பசங்களோடயா?" அவள் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் சிரித்தார். "அந்த டீச்சருக்குக் காது கேக்காதோ என்னமோ. என் பொண்ணுக்கா வாசிக்க வராது?" என்று சொல்லிவிட்டு, மாடிப்படி அருகே ஒட்டியிருந்த புது அறிவிப்பைப் போகிற போக்கில் அறிவிப்பாளர் குரலில் வாசித்துக் காட்டினார். நாளைக் காலை குழாய்ப் பராமரிப்புப் பணி நடைபெறுவதால் தண்ணீர் விநியோகம் நிறுத்தப்படும் என்று அதில் போட்டிருந்தது. எழுந்து நின்று கைதட்டலாம், அத்தனை அருமையாக வாசித்தார்.

மறுநாள் காலை குளியலறைக்குள்ளிருந்து அலறல். தலை முதல் கால் வரை சோப்பு, குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"ஏன்டி, தண்ணி நிக்கும்னு ஒருத்தராவது சொன்னீங்களா?"

"நீங்கதாங்க சொன்னீங்க! படிக்கட்டுல நின்னு ஊருக்கே கேக்கற மாதிரி வாசிச்சீங்களே!"

குடிக்கப் பிடித்துவைத்திருந்த தண்ணீரைக் கொடுத்து ஆளை வெளியே கொண்டுவந்தேன். துண்டோடு நின்றுகொண்டு, காதோரம் நுரையோடு, அவர் என்னைப் பார்த்தார். நான் மகளைப் பார்த்தேன். நோய் எங்கிருந்து தொற்றியது என்று மூவருக்குமே விளங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் அவளை உட்காரவைத்து ஒரு கதையை வாசிக்கச் சொன்னேன். இந்த முறை குரலில் மயங்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். சாதாரணமாகப் போய்க்கொண்டே இருக்கும் குரல், திடீரென்று ஓர் இடத்தில் ஓங்கி ஒலிக்கும். பிறகு தணியும். 'விறகுவெட்டி கதவருகே' என்று சமமாக வந்தவள் 'தயங்கினான்' என்பதில் உச்சத்துக்குப் போனாள்.

"நில்லு. தயங்கினான்னா என்ன?"

அவள் யோசித்தாள். "சத்தமா வாசிக்கணும்னு அர்த்தம்."

சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் அதே நொடியில் எனக்குள் ஒரு விளக்கும் எரிந்தது. குரல் ஏறுகிற இடத்திலெல்லாம் அவளுக்கு அர்த்தம் தெரியவில்லை. டீச்சருக்கு இத்தனை நாள் தெரியாமல் போனதை இவள் தன் வாயாலேயே ஓங்கி அறிவித்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்.

எங்கள் பயிற்சிப் பள்ளிக் கொட்டகையில், உடைத்துப்போட்ட பழைய வண்டியின் பிரேக் பெடல் ஒன்று கிடந்தது. மெக்கானிக் அண்ணனிடம் கேட்டு அதை ஒரு பலகையில் அடித்து வாங்கி வந்தேன். சாப்பாட்டு மேசைக்கு அடியில் வைத்தேன். மகளின் கால் எட்டவில்லை. பழைய தலையணை ஒன்றை முதுகுக்குக் கொடுத்து முன்னால் தள்ளி உட்காரவைத்தேன்.

"இதோ பாரு. நீதான் டிரைவர். தெரியாத வார்த்தை வந்தா பிரேக். அமுக்கிட்டு, ரிவர்ஸ் எடுத்து அந்த வரியோட ஆரம்பத்துக்கு வா. முன்னாடி என்ன நடந்துச்சு, பின்னாடி என்ன வருதுன்னு பாரு. என்னவா இருக்கும்னு யோசி. அப்பவும் தெரியலேன்னா என்னைக் கேளு. தெரியாம தாண்டிப் போனா வண்டி பள்ளத்துல."

"நிறுத்தக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காரே?"

"அப்பாவுக்கும் இதே தண்டனைதான்" என்றேன். சோப்பு விவகாரம் இன்னும் சூடு ஆறாமல் இருந்ததால் அவரால் மறுக்க முடியவில்லை. மகளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவருக்குப் பெடல் கிடையாது, தரையை மிதிக்க வேண்டும்.

அன்று முதல் எங்கள் வீட்டில் சாயங்காலங்கள் அமர்க்களம்தான். ஒரு பத்தி அவள், ஒரு பத்தி அவர். முடிந்ததும் நான் கேள்வி கேட்பேன். ஆரம்பத்தில் இரண்டு பேரும் பேந்தப் பேந்த விழித்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்க ஆரம்பித்தார்கள்.

"அம்மா! அப்பா 'அவகாசம்'ங்கறதைச் சத்தமா வாசிச்சுட்டாரு! அவருக்குத் தெரியலை!"

"தொண்டையைச் செருமினேன்டி, அவ்வளவுதான்."

"அப்ப அர்த்தம் சொல்லுங்க பார்க்கலாம்."

அவர் தரையை மிதித்தார். நான் சிரித்துச் சிரித்து எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

சொற்களுக்கு அகராதி பார்த்து அர்த்தம் சொன்னால் அவளுக்கு ஒட்டவில்லை. இன்னொரு சொல்லைக் கொண்டுவந்து தலையில் கட்டுவதாகத்தான் ஆயிற்று. அதனால் செய்து காட்டச் சொன்னேன். "தயங்கறதுன்னா என்னன்னு காட்டுங்க" என்று வீட்டுக்காரரை எழுப்பிவிட்டேன். அவர் பிஸ்கட் டப்பா பக்கம் கையை நீட்டினார். என்னைப் பார்த்தார். கையை இழுத்துக்கொண்டார். மறுபடியும் நீட்டினார்.

"ஓ, நீ வீட்டுல இருக்கறப்போ அப்பா பிஸ்கட் எடுக்கறது!" என்று மகள் கத்தினாள். அந்தச் சொல் அவளுக்கு ஆயுசுக்கும் மறக்காது. திகைப்பது, முணுமுணுப்பது, அலட்டிக்கொள்வது எல்லாவற்றுக்கும் அவர்தான் நடிகர். பாவம், அலட்டிக்கொள்வதற்கு மட்டும் நடிக்கவே தேவையிருக்கவில்லை.

எல்லாம் நன்றாகப் போகிறது என்று நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்ட நேரத்தில் டீச்சர் மறுபடி கூப்பிட்டார். அவர் முகம் வாடியிருந்தது.

"என்ன பண்ணீங்க? முன்னாடி புரியாம வாசிச்சா. இப்ப வாசிக்கவே வரலையே."

உண்மைதான். பிரேக் கையில் கிடைத்த புதுசில் எல்லோரும் செய்வதை அவளும் செய்தாள். 'அந்த' என்பதற்கு ஒரு மிதி, 'ஒரு' என்பதற்கு ஒரு மிதி. புது டிரைவர் ஓட்டும் வண்டி மாதிரி குலுங்கிக் குலுங்கி வந்தது வாசிப்பு. பள்ளி விழாவில் வரவேற்புரையை வேறொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் அன்று சாப்பிடவில்லை.

"நல்லா இருந்த குரலைக் கெடுத்துட்டே" என்றார். "புரியுதோ இல்லையோ, அவகிட்ட அது ஒண்ணாவது இருந்துச்சு. இப்ப அதுவும் போச்சு, இதுவும் வரலை."

அவர் சொல்வது சரியாக இருந்துவிட்டால்? பெரிய மிஸ் அறைக்குள் குழந்தை திக்கித் திணறி நின்றால், அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது நானாகத்தானே இருப்பேன்? ஆனால் பாதிவழியில் ஸ்டீரிங்கைப் பிடுங்குகிறவள் நான் இல்லை. பிடுங்கினால் அந்த ஆள் ஜென்மத்துக்கும் ஓட்ட மாட்டார் என்று எனக்குத் தெரியும். பெடலை எடுக்கவில்லை. வாயை மட்டும் மூடிக்கொண்டேன். அவள் நிறுத்தும்போது எடுத்துக்கொடுப்பதையும் அவசரப்படுத்துவதையும் விட்டேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று யோசித்துக்கொள்ளட்டும் என்று காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தேன்.

குலுக்கல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒரு நாள், தோழியின் பென்சிலை ஒளித்துவைத்த ஒரு பெண்ணின் கதையை வாசித்துக்கொண்டிருந்தவள், தெரிந்த சொற்கள் மட்டுமே இருந்த ஒரு வரியில் பிரேக்கை அழுத்தினாள்.

"என்னடி, எல்லாம் தெரிஞ்ச வார்த்தைதானே?"

"வார்த்தை தெரியும்மா. அவ ஏன் பொய் சொன்னான்னுதான் தெரியலை."

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அன்றைக்கே ஊரைக் கூட்டிச் சொல்லியிருப்பேன், பெரிய மிஸ் என்ற மலை இன்னும் முன்னால் நின்றிருக்காவிட்டால்.

அந்த நாளும் வந்தது. பெரிய மிஸ்ஸின் அறையில் ஒரு நீள மேசை, இரும்பு அலமாரி, சுவரோரம் பெற்றோருக்கு ஒரு பெஞ்சு. பேசக் கூடாது, சைகை காட்டக் கூடாது என்று உட்காரும்போதே சொல்லிவிட்டார். மகள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கால் தரையில் படும்படி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். மேசைக்கு அடியில் அவளுடைய ஷூக்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. அங்கே பெடல் இல்லை. வெறும் சிமெண்டுத் தரை.

பெரிய மிஸ் ஒரு தாளை நீட்டினார். மகள் வாசிக்க ஆரம்பித்தாள்.

"ஒருவர் ஆசை ஆசையாகப் புதுக் குடை ஒன்று வாங்கினார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் பெருமழை பிடித்துக்கொண்டது. உடனே அவர் குடையைச் சட்டைக்குள்..."

அடுத்த சொல்லுக்கு அவள் தோள்கள் உயர்ந்தன. மூச்சை இழுத்துவிட்டாள். ஓங்கி ஒலிக்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் என் வீட்டுக்காரர் கையைப் பிசைந்தார். அவ்வளவு தூரம் பழகிய பழக்கம், பயந்த நேரத்தில் எழுந்து வரத்தானே செய்யும்?

மேசைக்கு அடியில் வலது கால் முன்னால் போனது. தரையை அழுத்தி மிதித்தது. குரல் நின்றது.

பெரிய மிஸ் பேனாவைக் கையில் எடுத்தார். "தெரியலேன்னா விட்டுட்டு மேல போம்மா" என்றார்.

"இருங்க பெரிய மிஸ்" என்றாள் மகள்.

என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். வாழ்நாளில் ஓர் அறிவிப்பைக்கூட நடுவில் நிறுத்தாத மனிதருக்கு அந்த மௌனம் எப்படி இருந்திருக்கும்! எனக்கோ கத்த வேண்டும்போல இருந்தது. நில்லுடி, நல்லா நில்லு, எவ்வளவு நேரம் வேணும்னாலும் நில்லு என்று.

அவள் விரலை வரியின் ஆரம்பத்துக்குக் கொண்டுபோனாள். முணுமுணுவென்று தனக்குள் வாசித்தாள். பிறகு சாதாரணக் குரலில் தொடர்ந்தாள்.

"உடனே அவர் குடையைச் சட்டைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு ஓட்டமாக ஓடினார். தொப்பலாக நனைந்து வீடு வந்து சேர்ந்தார். மனைவி வந்து கதவைத் திறந்தாள்."

மறுபடி நின்றாள். இந்த முறை கால் அசையவில்லை. முதுகுதான் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் பாதி எழுந்துவிட்டேன். பிறகுதான் சத்தம் வந்தது. என் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். விழுந்த பல்லின் இடைவெளி வழியே காற்றுப் போகச் சிரித்தாள்.

"என்னம்மா சிரிப்பு?" என்றார் பெரிய மிஸ்.

"குடையை ஒளிச்சு வெச்சுட்டு இவரு நனைஞ்சுட்டாரு பெரிய மிஸ்! குடை நனையாம இருக்கறதுக்கு!"

பெரிய மிஸ் பேனாவை வைத்துவிட்டார். "ஏன் அப்படிச் செஞ்சாரு? தாள்ல காரணம் போட்டிருக்கா?"

"போடலை. ஆனா புதுசுல்ல? அழுக்காயிடும்னு பயம். எங்க அப்பாகூடப் புதுச் செருப்பு வாங்கின அன்னைக்கு மழை வந்ததும் அதைக் கையில எடுத்துக்கிட்டு வெறுங்காலோட வந்தாரு."

அறையில் எல்லோரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். மானம் கப்பலேறிய அந்த நேரத்தில் அந்த மனிதர் முகத்தில் இருந்த பூரிப்பை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

"பத்திரப்படுத்தறதுன்னா?"

"முன்னாடி தெரியாது. இப்பத்தான் கண்டுபிடிச்சேன். கெட்டுப்போகாம ஒளிச்சு வெச்சுக்கறது."

பெரிய மிஸ் மற்றக் கேள்விகளையும் கேட்டார். அவள் எதற்கும் தாளைக் குனிந்து பார்க்கவில்லை. கதையே அவளுக்குள் இருந்தது, அங்கிருந்து எடுத்து எடுத்துக் கொடுத்தாள். "மூணாம் வகுப்பு" என்று பெரிய மிஸ் சொன்னதும் நான் அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்துவிட்டது. எத்தனையோ பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்து லைசென்ஸ் வாங்க வைத்திருக்கிறேன். ஒருவருக்காகவும் இப்படி அழுததில்லை.

"போகலாம்மா" என்றார் பெரிய மிஸ். மகள் எழுந்திருக்கவில்லை.

"மீதி எங்க பெரிய மிஸ்?"

"இவ்வளவுதான் பாடம்."

"கதவைத் தொறந்துட்டாங்களே. தொறந்து என்ன சொன்னாங்க?"

பெரிய மிஸ் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. "எத்தனையோ வருஷமா இந்தத் தாளைக் குடுக்கறேன். இதுவரைக்கும் ஒரு பிள்ளைகூட இதைக் கேட்டதில்லை" என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். பிறகு சாவியை எடுத்து இரும்பு அலமாரியைத் திறந்தார். கீழ்த்தட்டு, நடுத்தட்டு எல்லாம் துழாவினார். கடைசியில் ஸ்டூல் போட்டு ஏறி, மேல்தட்டில் தூசிக்குள்ளிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை உருவினார். பக்கத்தைத் தேடி எடுத்து, வாசிப்பதற்காகக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

மகள் அதற்குள் புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கிவிட்டாள்.

அவளுடைய குரலுக்காகக் காத்திருந்தோம். குரல் வரவில்லை. வாய் மூடியிருந்தது. கண்கள் மட்டும் வரிக்கு வரி ஓடிக்கொண்டிருந்தன.

"என்னடி, சத்தத்தையே காணோம்?" என்று என் வீட்டுக்காரர் பதறினார். பிறகு தாங்க முடியாமல், "அந்தம்மா என்ன சொன்னாங்களாம்? சொல்லேன்டி" என்றார்.

ஸ்டூல் மேலேயே நின்றுகொண்டு பெரிய மிஸ்ஸும் கேட்டார். "ஆமா, சொல்லேன்."

அவள் தலையை நிமிர்த்தவில்லை. இடது கையை மட்டும் எங்கள் பக்கம் நீட்டித் தடுத்தாள்.

"கொஞ்சம் இருங்க எல்லாரும். நான் படிச்சுக்கிட்டிருக்கேன்ல."